பளபளன்னு ஆக்கிட்டா புதுசாயிடுமா?

"ஏம்ப்பா, உங்க ஃபேக்டரில ஒரு முக்கு முக்கி எடுத்துக் குடுத்துடேன். எவ்வளவு ஆகும்?"

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிர்க்கி மாமா இப்படிக் கேட்டபோது, ஏதோ குத்துவிளக்கு சமாச்சாரம் என்றுதான் நினைத்தேன். (சொந்த மாமா இல்லை. புனேயில் அறுபது தாண்டிய தமிழர் அத்தனை பேரும் எனக்கு மாமாதான்.) இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷமாகிறது. போசரியில் ஒரு எலெக்ட்ரோபிளேட்டிங் பிளான்ட்டில் குவாலிட்டி பார்க்கிறேன். அதனால் தமிழ்ச் சங்கத்து வட்டாரத்தில் எது மங்கிப் போனாலும் என் தலையில்தான் வந்து விழும். புல்லட் சைலன்சர், வெற்றிலைச் செல்லம், ஒருமுறை ஒரு பாட்டியின் காபி ஃபில்டர்கூட வந்தது.

மாமா முக்கச் சொன்னது அவர் அப்பாவின் ரிவால்வரை.

பெரியவர் சாப்பர்ஸில் மேஜராக ஓய்வு பெற்று இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டவர். அவர் காலமானதும் சட்டப்படி துப்பாக்கியைக் கொண்டுபோய் லைசென்ஸ் உள்ள ஒரு கடையில் ஒப்படைத்திருக்கிறார்கள். மாமா பெயருக்கு மாற்றும் ஃபைல் நடந்துகொண்டிருக்கிறது. .455 ராணுவ போர் என்பதால் தடை செய்யப்பட்ட வகை. அதற்கான லைசென்ஸ் மத்திய உள்துறை கையில். நடக்கும், மெதுவாக நடக்கும். இதற்கிடையில் கடைக்காரர் மாமாவிடம், "சார், துரு ஏறிக் கறுத்துக் கெடக்கு. இதுக்கு மதிப்பே கிடையாது. நல்லா பாலிஷ் போட்டு நிக்கல் அடிச்சா ஜம்முனு ஆயிடும்" என்று ஓதியிருக்கிறார். கடைக்காரர் கேட்ட கூலி மாமாவுக்கு ஜாஸ்தியாகப் பட்டது. வீட்டுப் பையன் நான் இருக்கேனே!

பளபளப்பை விற்றுத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தத் தகுதியில் சொல்கிறேன்: பழைய பொருள் கையில் கிடைத்ததும் அதைப் பளபளப்பாக்கத் துடிக்கிற இந்த வியாதி நம் ஆட்களிடம் மட்டும் ஏன் இவ்வளவு முற்றிப் போயிருக்கிறது? பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்த கை, கண்ணில் பட்டதையெல்லாம் தேய்க்கப் பார்க்கிறது. ஊரில் கோவில் சுவரில் மணலை வீசி அடித்துச் "சுத்தம்" செய்தார்களே, கல்வெட்டு எழுத்தெல்லாம் மழுங்கிப் போச்சே, அப்போது இங்கே உட்கார்ந்துகொண்டு எவ்வளவு கொதித்தோம்? ஆயிரம் வருஷத்து எழுத்துய்யா, படுபாவிகள் அழிச்சிட்டானுங்க என்று. அந்தக் கொதிப்பெல்லாம் ஊரான் வீட்டுச் சுவருக்குத்தான் போல. நம் வீட்டு அலமாரியில் இருப்பதற்கு பஃபிங் வீல்.

மாமாவிடம் உடனே முடியாது என்றேன். முதல் காரணம், மூன்று பேரும் கம்பி எண்ண வேண்டி வரும். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் ஐந்தாவது பிரிவின்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி லைசென்ஸ் வேண்டும். போசரி பிளேட்டிங் பிளான்ட்டுக்கு அது கிடையாது. எட்டாவது பிரிவு இன்னும் கடுசு: துப்பாக்கியில் குத்தியிருக்கும் பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது. பஃபிங்கில் நம்பர் தேய்ந்து போனால், "சார், பளபளப்புக்காகத்தான் செஞ்சேன்" என்று போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நடுவில் நியூ ஜெர்ஸி மருமகன் வேறு போனில் வந்தார். "நூறு வருஷம் ஆன கன்னுக்கு லைசென்ஸே வேண்டாம் அங்கிள், அது ஆன்டிக்." அமெரிக்கச் சட்டப்படி ஆன்டிக் என்றால் 1898லோ அதற்கு முன்போ செய்ததாக இருக்க வேண்டும். மாமாவின் ரிவால்வர் 1917. அந்த ஊர்க் கணக்கிலேயே தேறாது! நம் ஊர்ச் சட்டமோ வயசைப் பார்ப்பதே இல்லை. பழங்காலப் பொருளாக இருந்தாலும் சரி, ரிப்பேராகிக் கிடந்தாலும் சரி, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால்தான் 45ஆவது பிரிவின் விலக்கு. சுடக்கூடிய துப்பாக்கிக்கு இருநூறு வயசானாலும் காகிதம் வேண்டும். இதை வாசிக்கும் யார் வீட்டிலாவது பரண் மேல் தாத்தா காலத்துச் சாமான் ஏதாவது தூங்கினால், என்னிடம் கேட்காமல் முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

சட்டத்தோடு விஷயம் முடிந்திருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். அடுத்த சனிக்கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரரே தன் கையால் லாட்ச்சைத் தள்ளி, குழலை முன்னால் மடக்கி, ஆறு அறையும் காலி என்று காட்டிவிட்டு மேஜைமேல் விரித்த துணியில் வைத்தார்.

வெப்லி மார்க் 6. 1915ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மாடல். பர்மிங்ஹாமில் வெப்லி அண்ட் ஸ்காட் கம்பெனி 1921 வரை செய்தது. பிறகு என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் 1926 வரை செய்தார்கள். ஆறு அங்குலக் குழல், ஒரு கிலோவுக்கு மேல் கனம். முதல் உலகப் போருக்காகச் செய்தது இரண்டாம் போரிலும் ஓடியது. பெரியவர் கைக்கு வந்தபோதே அது கிழட்டுத் துப்பாக்கிதான்.

நிறம் போயிருந்தது, உண்மை. ஆனால் எங்கே போயிருந்தது? குழல் முனையின் இரண்டு பக்கமும், சிலிண்டரின் விளிம்பிலும், பிடியைச் சுற்றியும். அதாவது தோல் உறையில் உரசுகிற இடத்திலும், கை படுகிற இடத்திலும். மடிப்புகளுக்குள், கை போகாத மூலைகளில், பழைய நீலம் அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் காபிப் பொடி நிறத்தில் சீராகப் பழுத்திருந்தது. கடைக்காரர் "துரு" என்றது பெரும்பாலும் இதைத்தான். நகத்தால் சுரண்டினால் உதிர்கிற செந்துரு, பிடிக்குக் கீழே லான்யார்டு வளையத்தைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இருந்தது.

நிலை என்பது வேறு, அசல் என்பது வேறு. நம் ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது, குழலுக்குள் அரிப்பு உண்டா, சிலிண்டர் ஆடுகிறதா, மடிகிற கீல் தளர்ந்திருக்கிறதா, இதெல்லாம் நிலை. ஃபேக்டரியை விட்டு வெளியே போனபோது இருந்த பாகங்களும் மேற்பரப்பும் எழுத்துமா இப்போது இருப்பவை, அது அசல். நிலை சுமாராக இருந்து அசல் முழுசாக இருக்கலாம். கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு அசல் சுத்தமாகத் தொலைந்தும் போயிருக்கலாம். பளபளப்பு இந்த இரண்டில் எதிலும் சேர்த்தி இல்லை.

குழலின் பின்பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தோம். திருகு வரிகள் தெளிவாக இருந்தன, இடையிடையே பொட்டுப் பொட்டாய்க் குழி. அந்தக் காலத்துத் தோட்டா பிரைமரில் இருக்கும் ரசாயனம் வெடித்த பிறகு உப்பாகத் தங்கிவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவாத துப்பாக்கிக்கெல்லாம் இந்த அம்மைத் தழும்பு உண்டு. நிலையில் மார்க் குறைத்துக்கொண்டேன். சிலிண்டரில் அசைவு கொஞ்சம். கீல் கெட்டி.

பிறகு அசல். உடலில் இருந்த எண்ணும் சிலிண்டரில் இருந்த எண்ணும் ஒன்றே. இது பெரிய விஷயம். போர்க்கால டிப்போக்களில் ஒன்றின் சிலிண்டரை இன்னொன்றில் மாட்டியதெல்லாம் சகஜம். சிலிண்டரின் பின்முகத்தையும் பார்த்தேன். அமெரிக்காவுக்குப் போன மார்க் 6களில் ஏகப்பட்டவற்றின் பின்முகத்தை, அங்கே சல்லிசாகக் கிடைக்கிற .45 தோட்டாவுக்காகச் சீவிவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் இந்தக் கிழத்துக்கு ரொம்ப அதிகம் என்பது தனிக் கதை. இது சீவப்படவில்லை. ஸ்குரூ தலைகளின் பிளவெல்லாம் கூர்மையாக இருந்தன. தப்பான ஸ்குரூடிரைவர் போட்டு நோண்டியிருந்தால் உதடு கிழிந்த மாதிரி இருக்கும்.

அப்புறம்தான் எழுத்துகள். லென்ஸை எடுத்தேன். (குவாலிட்டி ஆளின் சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் லென்ஸ் இருக்கும்.) 1917. பரிசோதகர்களின் குட்டிக் கிரீட முத்திரைகள். அரசாங்கச் சொத்து என்று காட்டும் அகலத் தலை அம்புக்குறி. இன்னோர் இடத்தில் அதே அம்புக்குறி இரண்டு, ஒன்றின் முனையை ஒன்று தொட்டுக்கொண்டு. ராணுவத்திலிருந்து முறைப்படி விற்று வெளியேற்றப்பட்டது என்பதற்கான குறி அது.

மாமாவிடம் விளக்கினேன். அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. "அப்போ அப்பா இதைக் காசு குடுத்துத்தான் வாங்கியிருக்கார்" என்றார். விஷயம் என்னவென்றால், பெரியவரோடு ஒத்துப்போகாத ஒரு சொந்தக்காரர், "சர்க்கார் துப்பாக்கியைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்" என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாராம். ஐம்பது வருஷத்துப் பேச்சு. அதற்குப் பதில், இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில், இவ்வளவு நாள் அந்த இரும்பிலேயே இருந்திருக்கிறது.

எங்கள் பிளான்ட்டில் அந்தப் பதிலுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதையும் கேளுங்கள். நிக்கல் ஏறவேண்டுமானால் அடியில் இருக்கும் உலோகம் வழவழவென்று இருக்க வேண்டும். குழி இருந்தால் நிக்கல் அதை மூடாது, குழியும் சேர்ந்து மின்னும். அதனால் முதலில் சிசல் வீலில் பிடித்து, குழியின் அடிமட்டம் வரை மொத்தப் பரப்பையும் இறக்குவோம். முத்திரை எழுத்தின் ஆழம் எவ்வளவு? நகக்கண்ணில் தட்டுப்படுகிற அளவு. குழி போகும்போது எழுத்தும் போகும். கூரான விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி உருளும். ஸ்குரூ ஓட்டையைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி பள்ளம் விழும். அடுத்தது ஆசிடில் முக்கிப் பழைய ஆக்சைடை எடுப்போம். மிச்சம் மீதி நீலம் அங்கே காலி. ஆசிடிலும் பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்துகொள்ளும். ஸ்பிரிங் மாதிரி கெட்டிப்படுத்திய எஃகுக்கு அது எமன். உடனே 200 டிகிரி பக்கத்தில் மணிக்கணக்காக அவனில் வைத்து அந்த ஹைட்ரஜனை விரட்டாவிட்டால், பார்க்க ஜோராக இருக்கும் ஸ்பிரிங் ஒருநாள் பட்டென்று ஒடியும். கடைக்குப் பின்னால் ஒரு வாளியும் ரெக்டிஃபையரும் வைத்துக்கொண்டு நிக்கல் அடிப்பவர் அவன் வைத்திருப்பாரா என்ன?

இதையெல்லாம் நான் கற்பனையாகச் சொல்லவில்லை. அதே கடையின் கண்ணாடி அலமாரியில் இன்னொரு வெப்லி இருந்தது, நிக்கல் குளித்து ஜிகுஜிகுவென்று. கடைக்காரர் பெருமையாக எடுத்து வைத்தார். ராணுவத்துக்காகச் செய்த மார்க் 6க்கு நீலப்பூச்சுதான். அதனால் அந்த மினுமினுப்பு முதல் பார்வையிலேயே பொய் சொன்னது. லென்ஸ் வைத்தேன். வருஷத்தில் முதல் இரண்டு எண் தெரிந்தது, மீதி கரைந்துவிட்டது. கிரீடம் ஒன்று வெறும் மேடாக நின்றது. பிடியின் பின்பட்டையில் ஏதோ எழுத்து வரிசை இருந்த தடம். ஏதோ ஒரு பட்டாலியனின் சுருக்கமாக இருக்கலாம், ரேக் எண்ணாக இருக்கலாம். "யாரோடது?" என்றேன். "ஒரு ஃபேமிலி குடுத்தது சார்" என்றார். அந்த ஃபேமிலியின் பேரன் நாளைக்கு வந்து "எங்க தாத்தா எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டால் அந்த இரும்பு என்ன பதில் சொல்லும்? முகம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், கண்ணாடிக்குப் பதிலாக.

2019 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி, ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்று இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதை ஒப்படைக்க ஒரு வருஷம் டைம். மூன்று வைத்திருந்த குடும்பம் எதைக் கைகழுவியிருக்கும்? கறுத்துப் போய் மூலையில் கிடப்பதைத்தான். அப்படி வந்தவை கடைக் கவுன்டரில் நிக்கல் குளித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அதனால்தான் இப்போதே கத்துகிறேன்.

எதிர்வாதங்கள் வரும், தெரியும். "என் பொருள், என் இஷ்டம்." சரி. ஆனால் உங்கள் பொருள் ஆனது நேற்று. அதற்கு முன்னால் உங்கள் அப்பாவுடையது, அவருக்கும் முன்னால் பிரான்ஸிலோ மெசபடோமியாவிலோ யாரோ ஒருத்தன் இடுப்பில் தொங்கியிருக்கும். "அப்படியே விட்டா துரு தின்னுடாதா?" தின்னும்தான். நான் அப்படியே விடச் சொல்லவில்லையே. செந்துரு இருக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, வெண்கல நாரால் மெதுவாக எடுத்து, மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, தோல் உறையிலிருந்து வெளியே எடுத்து வைத்தால் போதும். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உள்ளேயே இரும்பை அரிக்கும். இந்த வேலையையும் லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும்.

இன்னொரு கோஷ்டி யூடியூப் பார்த்துக் கெட்டுப்போனது. துருப்பிடித்த அரிவாளோ பூட்டோ ஒன்றை எடுத்து, இருபது நிமிஷத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியாக்கிக் காட்டுவார்கள். கீழே கோடி பேர் கைதட்டல். நானும் பார்ப்பேன், தூக்கம் வராத ராத்திரியில் அதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் அதற்குப் பெயர் மீட்பு இல்லை. பழையதன் அச்சில் புதுசு செய்வது.

நான் ஒன்றும் அசல் வெறியனும் இல்லை. ராணுவமே தன் ஒர்க்ஷாப்பில் பிரித்து மேய்ந்து, புதுப் பூச்சுக் கொடுத்து, எஃப்டிஆர் என்று குத்தி அனுப்பிய துப்பாக்கிகள் உண்டு. அந்தப் பூச்சு ஃபேக்டரிப் பூச்சு அல்ல, ஆனாலும் அது அந்தத் துப்பாக்கியின் வாழ்க்கையில் ஒரு நாள். மாமாவின் ரிவால்வரிலும் ஒரு பாகம் அசல் இல்லை. பிடி. மார்க் 6க்கு வல்கனைட் என்கிற கெட்டி ரப்பரில், குறுக்குமறுக்குக் கோடு போட்ட கறுப்புப் பிடி வர வேண்டும். இதில் தேக்கு. யாரோ தச்சர் பொறுமையாகச் செதுக்கியது. இடது பக்கம் உள்ளங்கை படும் இடத்தில் பெரியவரின் இனிஷியல் இரண்டெழுத்து.

"இதைக் கழட்டிட்டு ஒரிஜினல் மாதிரி ரப்பர் பிடி வாங்கிப் போடலாமா?" என்றார் மாமா. நிக்கலை விட்டதும் இதைப் பிடித்துக்கொண்டார். புதுசாக வார்த்த ரப்பர் எப்படி மாமா ஒரிஜினல் ஆகும்? இருக்கிற தேக்கு, மாற்றுப் பிடி என்று வெளிப்படையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். விற்கிற நாள் வந்தால் அதற்காக விலை குறையும், குறையட்டும். அங்கேயே மாமாவின் நோட்டில் எழுதினோம்: எண்கள் பொருத்தம், நீலம் கால்வாசி, குழலில் குழி, பிடி மாற்றியது, மற்றதெல்லாம் அசல். முத்திரை ஒவ்வொன்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்தோம். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ரசீதில் "பாலிஷ், பிளேட்டிங் எதுவும் செய்யக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னதும், இவன் எங்கிருந்து வந்தான் என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த இரட்டை அம்பு போட்டோவைப் பெரிசாகப் பிரிண்ட் போட்டு, நியூ ஜெர்ஸிக்கும், கல்யாண வீட்டில் சிரித்த அந்தச் சொந்தக்காரரின் பிள்ளைக்கும் மாமா தபாலில் அனுப்பிவிட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்றால், "கையில பிடிச்சுப் பாக்கட்டும்" என்றார்.

ஆயுத பூஜைக்கு என்ன செய்வது என்பதுதான் மாமியின் கவலை. பெரியவர் இருந்தவரை அன்றைக்கு ரிவால்வரை எடுத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாராம். லான்யார்டு வளையத்தைச் சுற்றி மட்டும் ஏன் செந்துரு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. வருஷா வருஷம் ஈரச் சந்தனம்! இந்த வருஷம் ரிவால்வர் கடைப் பெட்டகத்தில் இருக்கும் என்பதால் அதற்குப் பதிலாக லைசென்ஸ் புத்தகத்துக்கே பொட்டு வைத்துவிடலாம் என்று மாமி முடிவு செய்திருக்கிறார்.

முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள் மாமி, பொட்டை அதில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.